பெங்களூரிலிருந்து ஸ்லாலம் போட்டிக்குத் தயாராகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விசைப்படகு இழுக்கத் தண்ணீர்மேல் சறுக்கும் வாட்டர் ஸ்கீயிங்கில் ஸ்லாலம் என்ற பிரிவை ஒன்பது வருடமாகப் பழகி வருகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம், சனி ஞாயிறு மைசூர்ப் பக்கத்து ஒரு ஏரியில் தண்ணீர். எங்களோடு புதிதாக வருகிறவர்கள், அவர்களின் அப்பா அம்மாக்கள், வாழ்க்கைத்துணைகள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பாதி பேர் ஹலசூரு, ஃபிரேசர் டவுன், கே.ஜி.எஃப். பக்கத்துத் தமிழர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஸ்லாலம் என்றால் என்ன? எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்?

படகு நேர்கோட்டில் போகும். நீங்கள் ஒற்றை ஸ்கீயில் (காலில் மாட்டும் நீண்ட பலகை) நின்று, கயிற்றைப் பிடித்தபடி அதன் பின்னால் இடமும் வலமுமாகப் பாய்ந்து, ஆறு மிதவைகளையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். மிதவைகள் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, மூன்று இந்தப் பக்கமும் மூன்று அந்தப் பக்கமுமாக நிற்கும். பாதையின் தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கும் ஜோடி மிதவைகள்தான் நுழைவாயிலும் வெளிவாயிலும், அவற்றுக்கு நடுவே புகுந்து போக வேண்டும். நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை 259 மீட்டர். இதை ஒரு ஓட்டம் என்போம். நுழைவாயிலைத் தவறவிட்டால், ஆறு மிதவையையும் அழகாகச் சுற்றினாலும் அந்த ஓட்டத்துக்குப் பூஜ்யம்தான்.

ஆறையும் முடித்தால் அடுத்த ஓட்டத்தில் படகின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் கூடும். உச்ச வேகம் பொதுப்பிரிவில் ஆண்களுக்கு 58, பெண்களுக்கு 55. ஆண்களிலும் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு 55 தான். அந்த வேகத்தைத் தொட்டபின் கயிறு குறையத் தொடங்கும்: 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12, 11.25 என்று. கயிற்றில் இதற்கான வளையங்கள் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று நிறம் நிறமாக இருக்கும். 11.25க்கு வந்துவிட்டால் கயிறே மிதவையின் தூரத்தைவிடக் குட்டை. மிச்சத்தை உங்கள் கையும் உடம்பின் சாய்வும்தான் எட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு மிதவையை விடும் வரை அல்லது விழும் வரை போகலாம். அதோடு உங்கள் முறை முடிந்தது.

ட்ரிக், ஜம்ப் என்று இன்னும் இரண்டு பிரிவுகள் உண்டு. எங்கள் குழுவில் ஸ்லாலம் மட்டுமே.

பெங்களூரில்தான் இத்தனை ஏரி இருக்கிறதே, ஏன் மைசூர்ப் பக்கம் வரை போகிறீர்கள்?

இந்தக் கேள்வி எனக்கும் வலிக்கும். நான் ஹலசூரில் வளர்ந்தவன். திருவள்ளுவர் சிலைப் பக்கம் நின்று ஹலசூரு ஏரியைப் பார்க்கிறபோதெல்லாம் கண் தானாக ஒரு நேர்கோட்டை இழுத்துப் பார்க்கும். ஆனால் நடுவில் தீவுகள், கரை முழுக்க நடைபயிற்சிக்காரர்கள், கீழே ஆண்டாண்டாக வந்து சேர்ந்த சாக்கடை. 2016 மார்ச்சில் அங்கே மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்ததை நேரில் பார்த்தேன். அந்தத் தண்ணீரில் முகம் அடிபட விழுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெல்லந்தூர் ஏரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நுரை பொங்கி ரோட்டுக்கு வந்ததும் 2017-லும் 2018-லும் தீப்பிடித்ததும் ஊரறிந்த கதை. ஓசூர் பக்கம் போகலாமே என்றால் கெலவரப்பள்ளி அணைக்கும் நம் ஊர்க் கழிவுதான் தென்பெண்ணை வழியாக நுரையாகப் போய்ச் சேருகிறது.

சுத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், அளவும் வேண்டும். 259 மீட்டர் பாதைக்கு முன்னால் படகு வேகம் பிடிக்கவும், பின்னால் மெதுவாகத் திரும்பவும் இடம் வேண்டும். நேராக 600 மீட்டராவது கிடைக்காவிட்டால் பயிற்சி சரிப்படாது. ஆழம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். குடிநீர் எடுக்கிற ஏரியாக இருக்கக் கூடாது, பெட்ரோல் எஞ்சினை அங்கே இறக்குவது தவறு. காற்றை மறைக்க ஒரு மேடோ தோப்போ இருந்தால் பெரிய பாக்கியம். இத்தனையும் பார்த்தால் நகரத்துக்குள் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஒரு பயிற்சி நாள் எப்படி இருக்கும்?

காலை மூன்றரைக்குக் கிளம்புவோம். ஆறு மணிக்குள் படகு தண்ணீரில் இறங்கிவிட வேண்டும். எட்டரை, ஒன்பதுக்குமேல் காற்று எழுந்து சின்னச் சின்ன அலை வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று இன்னும் சீக்கிரமே வரும். சில நாள் கரையில் ஃபிளாஸ்க் காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கணக்கைச் சொல்கிறேன், பிறகு இந்த விளையாட்டின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தானே புரியும். 55 கிலோமீட்டர் வேகத்தில் 259 மீட்டரைக் கடக்க 16.95 வினாடி ஆகும். 49-ல் 19 வினாடி. ஒரு செட் என்பது ஆறு ஓட்டம். ஆக ஒரு செட்டில் நீங்கள் பாதைக்குள் இருப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு காலையில் ஆளுக்கு இரண்டு செட் கிடைத்தால் நல்ல நாள். போக வர 300 கிலோமீட்டர், மூன்றரை நிமிட ஸ்லாலம்.

அதனால்தான் புதியவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்பேன்: படகில் ஏறும் முன்னே இன்றைக்கு எதை மட்டும் கவனிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நுழைவாயிலுக்கு எப்போது திரும்புவது என்பது ஒன்றே போதும். மூன்றரை நிமிடத்தில் ஐந்து தவறைத் திருத்த முடியாது.

இரண்டு பேர் போனால் போதாதா? எதற்கு மூன்றாவது ஆள்?

போதாது. படகை ஓட்ட ஒருவர், உங்களையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர், ஸ்கீயில் நீங்கள். ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க வேண்டும். நீங்கள் விழுந்ததை அவர் உடனே அறிய வழியில்லை. பார்ப்பவர்தான் அவருக்குச் சொல்வார். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்தருகே கையை அறுப்பதுபோல் அசைத்தால் எஞ்சினை நிறுத்து. விழுந்தவர் இரண்டு கையையும் தலைக்குமேல் கோத்துக் காட்டினால் நலமாக இருக்கிறார் என்று பொருள். அந்தக் கை எழாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவரிடம் போக வேண்டும். படகு அருகில் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் ஆளை ஏற்ற வேண்டும், புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

என்னைக் கேட்டால், நம்மைப்போன்ற அமெச்சூர்களின் முதல் தட்டுப்பாடு தண்ணீரோ பணமோ அல்ல, இந்த இரண்டு பேர்தான். நல்ல ஸ்கீயர் ஆக ஆசைப்படுகிறவர் நூறு பேர் இருப்பார்கள். நல்ல டிரைவர் ஆக விரும்புகிறவர் ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நீங்கள் பக்கவாட்டில் சாய்ந்து இழுக்கும்போது படகின் பின்புறம் உங்கள் பக்கம் நகரப் பார்க்கும். படகு போகும் வழியைக் காட்டும் ஜோடி மிதவைகளுக்கு இடையே இருப்பது 2.3 மீட்டர்தான். ஸ்டியரிங்கைப் பிடுங்காமல், இழுப்பு வரும் முன்பே இம்மி அளவு திருத்தி, அந்தச் சந்துக்குள் படகை நேராக வைத்திருக்க வேண்டும். எங்கள் டிரைவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. அவர் ஓட்டுகிற நாளில் எனக்கு ஒரு மிதவை கூடுதலாகக் கிடைக்கும், என் நோட்டில் தேதியோடு இருக்கிறது.

எங்கள் குழுவின் ஏற்பாடு இதுதான்: இரண்டு செட் ஸ்கீ பண்ணினால் ஒரு செட் ஓட்ட வேண்டும், ஒரு செட் பார்க்க வேண்டும். ஓட்டத் தெரியாது என்றால் கற்றுக்கொள்ள வேண்டும். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் விசைப்படகு ஓட்டவும் உயிர்காப்புக்கும் பயிற்சி தருகிறது. குழுவுக்கு இரண்டு பேராவது முறையாகக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

எங்களிடம் இருப்பது சாதாரண அவுட்போர்டு (எஞ்சின் பின்னால் வெளியே தொங்கும்) படகு. அதில் பழகி என்ன பிரயோஜனம்?

நிறைய இருக்கிறது, ஆனால் வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு பழகுங்கள். மாஸ்டர்கிராஃப்ட், நாட்டிக், மாலிபு போன்ற போட்டிப் படகுகளில் எஞ்சின் உள்ளே இருக்கும். கயிறு படகின் நடுவில் நிற்கும் கம்பத்தில் கட்டப்படும். பின்னால் எழும் அலையும் தட்டையாக இருக்கும். ஜிபிஎஸ் கருவி வேகத்தைத் தானே பிடித்து வைக்கும். அவுட்போர்டில் கயிறு படகின் பின்முனையில் இருந்து இழுக்கும், அதனால் நீங்கள் சாய்ந்தால் படகு திரும்பும். நீங்கள் பாரம் கொடுக்கும்போது வேகமும் விழும். இதில் பழகியவர் போட்டிப் படகின் பின்னால் முதல்முறை போனால் இழுப்பு விடாமல் வருவதில் திணறிப்போவார். முடிந்தால் போட்டிக்கு முந்தின நாளே அந்தப் படகில் ஒரு செட் கேட்டு வாங்குங்கள்.

வேகக் கருவி இல்லாவிட்டால் ஸ்டாப்வாட்ச் போதும். நுழைவாயிலில் அழுத்தி வெளிவாயிலில் நிறுத்துங்கள். 46 கிலோமீட்டருக்கு 20.27 வினாடி, 49-க்கு 19.03, 52-க்கு 17.93, 55-க்கு 16.95, 58-க்கு 16.08. இதை ஒரு அட்டையில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். கால் வினாடி முன்பின் போனால்கூட உடம்பு உணரும்.

இன்னொரு விஷயம். மைசூர்ப் பீடபூமி கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் பலம் நூற்றுக்கு ஏழெட்டுக் குறையும். சென்னைக் கடலில் நன்றாக இழுத்த படகு இங்கே ஆளை எழுப்ப முக்கினால் எஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம், பிட்ச் குறைந்த (ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரம் தள்ளும்) புரொப்பெல்லரை மாட்டிப் பாருங்கள்.

மிதவைப் பாதையை நாமே போட முடியுமா? மீனவர்களோடு தகராறு வராதா?

போடலாம். நீளாத கம்பியில் அளவுக் குறிகளைக் கட்டி, கரையிலேயே முழுதாக அளந்துவிட்டுத் தண்ணீரில் இறக்குங்கள். நைலான் கயிற்றில் அளந்தால் இழுத்துக் கட்டியதும் நீண்டு ஏமாற்றும். ஏரியின் நீர்மட்டம்தான் பெரிய தலைவலி. ஜனவரி முதல் மே வரை மட்டம் மீட்டர் கணக்கில் இறங்கும். நங்கூரக் கயிறு தளர்ந்து, மிதவைகள் காற்றில் மூன்றடி நான்கடி நகர்ந்து நிற்கும். அளவு தவறிய பாதையில் மூன்று மாதம் பழகிவிட்டுப் போட்டிக்குப் போவதைப்போல மனசு உடைவது வேறில்லை. ஒவ்வொரு மாதமும் கயிற்றை இறுக்குங்கள். மார்ச்சுக்குப் பிறகு, முன்பு ஆழத்தில் இருந்த மரக்கட்டையும் பாறையும் மேலே வரும். முதல் ஓட்டத்துக்கு முன் ஒருவர் மெதுவாகப் படகில் போய்ப் பாதை முழுக்கப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மீனவர்கள் விஷயத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த ஏரி நமக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு ஏழு நாளும் சோறு. எங்கள் முதல் வருடத்தில் ஒரு காலை, பரிசலில் வந்த ஒரு பெரியவர் எங்கள் படகுக்குப் பக்கத்தில் வந்து, கிழிந்த வலையை மடியில் விரித்து விரலால் ஓட்டையைக் காட்டினார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. புரொப்பெல்லர் பிய்த்த நூல் நுனிகள் இன்னும் ஈரமாக இருந்தன. அவருக்கு வலைக்குப் பணம் கொடுத்தோம். அடுத்த வாரமே நாங்கள் ஐந்து பேரும் அவர்கள் ஊருக்குப் போய் உட்கார்ந்து பேசினோம். சனி ராத்திரி அந்த ஓரத்தில் வலை போட மாட்டார்கள், நாங்கள் ஒன்பது மணிக்குமேல் படகு எடுக்க மாட்டோம், மீன் குஞ்சு விடும் மாதத்தில் அந்தப் பக்கமே போக மாட்டோம் என்று பேச்சு. ஏழு வருடமாக நிற்கிறது. கன்னடம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அழைத்துப்போங்கள், அரைகுறையாகவாவது நீங்களும் பேசுங்கள். அனுமதிக் கடிதம் வேறு, இந்தப் பேச்சு வேறு. இரண்டும் வேண்டும்.

எந்த அடி அடிக்கடி படும்?

உள்ளங்கைத் தோல் உரிவது எல்லோருக்கும் உண்டு. காய்ப்பை வாரம் ஒருமுறை தேய்த்துச் சமப்படுத்தினால் கிழியாது. முதுகின் கீழ்ப்பகுதி வலியும் சகஜம்.

நான் உண்மையாகப் பயப்படுவது தொடையின் பின்தசைக்கு. தண்ணீருக்குள்ளிருந்து எழும்போது முழங்காலை நீட்டிக்கொண்டு இடுப்பை முன்னால் வளைத்தால், படகு இழுக்கிற இழுப்பில் அந்தத் தசைநார் உட்காரும் எலும்பிலிருந்தே பிய்ந்து வரலாம். புதியவர்களுக்குத்தான் அதிகம் நடக்கும். எங்களோடு வந்த ஒரு தம்பிக்கு நடந்தது. 'பட்' என்று ஒரு சத்தத்தை உடம்புக்குள்ளேயே கேட்டதாகச் சொன்னான். சுளுக்கு என்று நினைத்து மூன்று வாரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த மூன்று வாரம்தான் அவனுக்கு நஷ்டம். அப்படிப் பிய்ந்திருந்தால் சீக்கிரம் பார்த்துத் தைப்பது சுலபம், நாள் போகப் போகத் தசை சுருங்கிக்கொண்டு அறுவை சிகிச்சை கடினமாகும். ஆகவே எழும்போது முழங்காலை மார்போடு ஒட்டி மடக்கி வையுங்கள், கையை நீட்டியே வையுங்கள், எழ அவசரப்படாதீர்கள். சத்தமும் பெரிய ரத்தக்கட்டும் வந்தால் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

விழுகிறோம் என்று தெரிந்ததும் கைப்பிடியை விட்டுவிடுங்கள். கையோ காலோ கயிற்றுக்குள் மாட்டுவதைவிட ஒரு மிதவை போவது மேல்.

தண்ணீரால் நோய் வருமா?

காது, மூக்கு, தோல் மூன்றையும் கவனிக்க வேண்டும். பக்கவாட்டில் விழுந்து காதில் தண்ணீர் அறைந்தால் செவிப்பறை கிழியலாம். தலை சுற்றினால், காது அடைத்தால் அன்றைக்கு மேலே தண்ணீரில் இறங்கக் கூடாது. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் உண்டு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும் வரை வராதீர்கள், ஏரிக்கு வந்துபோன ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஏரியில் இறங்கினேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூக்கு வழியே போகும் அமீபாவால் வந்த மூளைக்காய்ச்சல் செய்தி படித்த பிறகு எல்லோரும் கேட்கிறார்கள். அது மிக அரிது. ஆனாலும் வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் மூக்கில் தண்ணீர் வேகமாக ஏறும் விளையாட்டு நம்முடையது. கோடையில் மட்டம் இறங்கியபின் நான் மூக்குக் கிளிப் போடாமல் இறங்குவதில்லை. கான்டாக்ட் லென்ஸோடு இறங்கவே வேண்டாம்.

பெண்ணை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

அம்மாக்கள் கேட்பது பெரும்பாலும் நீச்சல், வெயில், உடை மாற்ற இடம். நீச்சல் தெரிந்தே ஆக வேண்டும், தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். எங்கள் குழுவில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். கரையில் உடை மாற்ற ஒரு கூடாரத்தை முதல் வருடமே வாங்கினோம், அதன் திறப்பு ஏரியின் பக்கம் பார்க்காது. 'கறுத்துப் போயிட்டியே' என்று கல்யாண வீட்டில் சொல்வார்கள், அது நிஜம். முழுக்கை உடையும் சன்ஸ்கிரீனும் தோலுக்கு நல்லது, அந்தப் பேச்சுக்கு மருந்து நீங்கள் மகள் பக்கம் நிற்பதுதான்.

ஒரு முக்கியமான விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். வேகத்தில் பின்பக்கமாக விழும்போது தண்ணீர் அழுத்தத்தோடு பிறப்புறுப்புக்குள்ளும் ஆசனவாய்க்குள்ளும் பாய்ந்து உள்காயம் ஏற்படுத்தலாம். மெல்லிய நீச்சலுடை இதைத் தடுக்காது. நியோப்ரீன் அரைக்கால் சட்டை தடுக்கும். பெண்கள் கட்டாயம் அணிய வேண்டும், ஆண்களும் அணிவது நல்லது.

செலவு எவ்வளவு?

ஒரு செட்டுக்கு எங்கள் படகு ஐந்தாறு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதைப் பகிர்ந்துகொள்வோம். ரேடார், ஹெச்.ஓ., டி3 போன்ற பெயர்களில் வரும் உயர்தரக் கார்பன் ஸ்கீ புதிதாக ஒன்றரை லட்சத்தைத் தாண்டும், இறக்குமதி வரி தனி. முதல் மூன்று வருடம் அது வேண்டவே வேண்டாம். உங்கள் எடைக்குச் சரியான பழைய ஸ்கீ போதும். காலைப் பிடிக்கும் பூட் மட்டும் பொருத்தமாக இருக்க வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாரநாட்களில் பெங்களூரில் என்ன செய்வது?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டித் தூணில் ஒரு பழைய கைப்பிடி கட்டியிருக்கிறேன். அலுவலகம் விட்டு வந்ததும் பத்து நிமிடம். முன்காலில் பாரம் வைத்து, இடுப்பைக் கைப்பிடியை நோக்கிக் கொண்டுவந்து, தோள் பின்னே சாய, கை நீட்டியபடி நிற்பது. மிதவையைச் சுற்றும்போது ஒரு கையை விட்டு எட்டுவதையும் கண்ணை மூடிச் செய்து பார்ப்பேன். எதிர்வீட்டுப் பாட்டி முதலில் விசாரித்தார், இப்போது மழை வந்தால் 'கைப்பிடி நனையுதுப்பா' என்று குரல் கொடுக்கிறார். ஒற்றைக்கால் ஸ்குவாட், டெட்லிஃப்ட், பிடிவலு இவை மூன்றும் ஜிம்மில் போதும்.

போட்டியன்று கை நடுங்குகிறது. பழகியதில் பாதிகூட வருவதில்லை.

எல்லோருக்கும் அப்படித்தான். என் முதல் போட்டியில் மூன்று மணி நேரம் காத்திருந்து, நுழைவாயிலின் மிதவைக்கு வெளியே போய், இருபது வினாடியில் பூஜ்யத்தோடு கரைக்கு வந்தேன். அன்றைக்கு நான் பழகாத வேகத்தில் தொடங்கியிருந்தேன். தூக்கத்திலும் முடிக்கக்கூடிய வேகத்தில் தொடங்குங்கள். மற்றவர்கள் எங்கே தொடங்குகிறார்கள் என்று பார்க்காதீர்கள். பயிற்சியிலும் மாதம் ஒரு நாள் 'ஒரே வாய்ப்பு' என்று வையுங்கள்: ஒரு மிதவை விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், ஏறி உட்கார்ந்து அடுத்தவருக்குப் பார்க்க வேண்டும். 300 கிலோமீட்டர் வந்த பிறகு அது கசக்கும். அந்தக் கசப்புக்கு உடம்பு பழகினால் போட்டியன்று கை நடுங்குவது குறையும்.

ஒலிம்பிக்கில் இருக்கிறதா?

இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின்போது கீல் நகரத்தில் காட்சிப் போட்டியாக மட்டும் நடந்தது. 1949 முதல் உலகச் சாம்பியன்ஷிப் உண்டு.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

லைஃப் ஜாக்கெட்டும் ஸ்கீயும் எங்களிடம் இருக்கிறது. துண்டு, மாற்றுடை, நியோப்ரீன் சட்டை, இரண்டு லிட்டர் தண்ணீர், மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைக் கழற்றி வைக்க ஒரு டப்பா. டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டரும். வழியில் இட்லி சாப்பிடுவது ஸ்கீ முடிந்த பிறகுதான், வயிறு நிறைந்து இறங்கக் கூடாது. மூன்றரைக்கு ஹலசூரு மெட்ரோ வாசலில் நில்லுங்கள். முதல் நாள் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பார்ப்பவரின் இருக்கைதான்: படகின் முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கயிற்றின் நுனியில் வருகிறவரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.